சுவர்ப் பெட்டிக்கு இந்தப் பக்கம்

இலோய்லோ,
ஞாயிறு மாலை.

என் செல்ல மகள் மாரிவிக்குக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகம். நீ ஹாங்காங்கில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? நீ வேலை செய்யும் வீட்டுக்காரி இப்போதாவது உன்னை நேரத்தோடு தூங்க விடுகிறாளா?

போன் நேற்றுதான் சரியாயிற்று. கம்பெனி ஆபீசில் போய் நான் கத்தாத கத்தல் இல்லை. கடைசியில் ஒரு ஆள் வந்தான். வெளிச்சுவர்ப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுவரைக்கும் எங்க பொறுப்பு, நல்லாத்தான் இருக்கு. உள்ள போற வயர் உங்களோடது, நீங்கதான் பாத்துக்கணும்" என்றான். படுக்கையறை ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகளுக்கு நடுவே வயர் நசுங்கி அறுந்து கிடந்தது. காசு கொடுத்து மாற்றினேன்.

அதை அப்படி இழுத்தது நான்தான். தெருவில் நம் வீட்டில் மட்டும் போன் இருக்கிறதென்று ஆளாளுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்துகொள்கிறார்களே என்று எரிச்சல். ஜன்னல் வழியாக வயரை இழுத்து, போனைப் படுக்கையறையில் வைத்துப் பூட்டினேன். தினமும் ஜன்னலைச் சாத்திச் சாத்தி நானே அறுத்திருக்கிறேன்.

இது தெரிவதற்கு முன்பே பழியை எதிர்வீட்டு லூர்தெஸ் மேல் போட்டேன். அறைக்குள் விடாத கோபத்தில் அவள்தான் வயரை வெட்டினாள் என்று, பூசை முடிந்து வரும்போது மாதா கோயில் வாசலில் எல்லாரும் கேட்கச் சொன்னேன். "என் புருஷன் பேசுறதே உங்க போன்லதான் அக்கா. அதைப் போய் நான் வெட்டுவேனா?" என்றாள். "நாடகம் ஆடாதடி" என்றேன். நினைத்தால் கூசுகிறது.

அந்த வாரமே அவள் மாமனார் இறந்துவிட்டார். கப்பலில் வேலை செய்யும் அவள் புருஷன் ரோடெலுக்கு, "உடனே வீட்டுக்குப் பேசு" என்று மட்டும் கப்பல் ஏஜென்சி தகவல் அனுப்பியதாம். கடல் கடந்த பிள்ளை வராமல் நம் ஊரில் யார் புதைப்பார்கள்? உடலை அவள் வீட்டுக் கூடத்தில் வைத்து, சீட்டாட்டமும் காபியுமாக ஊரே விழித்து அவன் குரலுக்குக் காத்திருந்தது. நம் போன் செத்துக் கிடந்தது. கடைசியில் அவன் இல்லாமலே புதைத்தார்கள். லூர்தெஸ் பிள்ளைகளோடு தன் அம்மா ஊருக்குப் போய்விட்டாள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

இன்று காலை மணி அடித்தது. நீ என்று ஓடினேன். ரோடெல். "எத்தனை தடவை அடிச்சேன் அக்கா, லைனே கிடைக்கல. எல்லாரும் நல்லா இருக்காங்கல்ல? லூர்தெஸ் இல்லன்னா அப்பாவைக் கொஞ்சம் கூப்பிடுங்களேன்" என்றான். உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். "அவ அம்மா வீட்டுக்குப் போயிருக்கா. அப்பா தூங்குறாருப்பா" என்று சொல்லிவிட்டேன். என்ன மனுஷி நான்.

உன்னிடமும் போனில் சொல்ல நாக்கு எழாது. நாளை ஹாங்காங்குக்கு விமானம் ஏறும் பெனிட்டாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை அவன் கப்பல் உங்கள் துறைமுகத்துக்கு வருகிறதாம். லீவு கேட்டுப் போய் அவனைப் பார். அப்பா போனதைச் சொல். வயரை அறுத்தது யார் என்பதையும் மறைக்காமல் சொல். அழுகிறவனைத் தனியே விட்டுவிட்டு வராதே.

கடவுள் உன் கூடவே இருப்பார். கொஞ்சம் சீக்கிரமாகப் போ, மகளே. கரையில் இறங்கியதும் முதல் வேலையாகப் பேசுவானாம். அப்பாவை எழுப்பி, போன் பக்கத்தில் உட்கார வைக்கச் சொல்லியிருக்கிறான்.

உன் அம்மா,
கொன்சோலாசியோன்