நீ வெட்டிய என் எட்டுப் பக்கம்

அன்பு மகளுக்கு, கோபம் இன்னும் ஆறாத அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இங்கே அப்பாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, அவருடைய முழங்கால் வலி இருந்தபடி இருக்கிறது, எனக்கு மனசுதான் சரியில்லை, அதற்குக் காரணம் நீ. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் நீ நாலு வார்த்தை சொல்லி, அம்மா ப்ளீஸ்மா என்று குழைந்து, கடைசியில் நான்தான் உன்னைச் சமாதானம் செய்து வைப்பேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் உட்கார்ந்து முழுசாகப் படி.

நான் ஏன் இந்த வயதில் மாலை வகுப்புக்குப் போகிறேன் என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் மறந்துவிட்டாய் போலிருக்கிறது, அதனால் மறுபடி சொல்கிறேன். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் இருபத்தாறு வருஷமாக நிற்கிறேன். இதற்குள் மூன்று மேற்பார்வையாளர்கள் வந்துவிட்டார்கள், மூன்று பேருக்கும் எந்தக் கறைக்கு எந்தத் தண்ணீர் என்று சொல்லிக்கொடுத்தது நான், ஆனால் அந்த நாற்காலியில் உட்கார எனக்குப் பள்ளி இறுதிச் சான்றிதழ் இல்லை. மற்ற பாடமெல்லாம் தேறிவிட்டேன், உயிரியல் ஒன்றுதான் பாக்கி. இப்போது இருக்கிறவர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். இந்தத் தடவை தேறினால் மனுப் போடலாம், கோட்டை விட்டால் அடுத்த பரீட்சை ஒரு வருஷம் கழித்து, அதற்குள் யாராவது புதுசாக வந்து, ஏம்மா இந்தக் கறை போகலை என்று என்னையே கேட்பார்கள். எனக்கு ஐம்பத்து மூன்று வயதாகிறது, நாலாவது ஆளுக்குப் பாடம் எடுக்க எனக்குத் தெம்பு இல்லை.

இருபது மார்க்குக்கு ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள், நீங்கள் செய்யும் வேலையில் உயிரியல் எங்கே இருக்கிறது என்று. அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்காகவே கேட்ட கேள்வி மாதிரி இருந்தது. பதினோரு நாள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உலர்த்தும் இயந்திரத்துக்குப் பின்னால் துணி மூட்டை மேல் உட்கார்ந்து எழுதினேன். ரத்தம் பட்ட விரிப்பை முதலில் பச்சைத் தண்ணீரில்தான் போட வேண்டும், சுடுதண்ணீரில் போட்டால் ரத்தத்தில் இருக்கும் புரதம் முட்டை வெள்ளைக்கரு மாதிரி வெந்து நூலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் எவ்வளவு தேய்த்தாலும் பழுப்பு வட்டம் போகாது என்று எழுதினேன். நொதி கலந்த சலவைத்தூளைக் கொதிக்கிற தண்ணீரில் கொட்டினால் தூள்தான் வீண், ஏனென்றால் நொதியும் ஒரு புரதம், கறையைத் தின்னும் முன்னால் அதுவே வெந்துவிடும் என்று எழுதினேன். கஞ்சி போட்ட விரிப்பில் டிங்சர் சிந்தினால் ஏன் கருநீலமாகிறது, அது மை இல்லை, மாவுப்பொருளை அயோடின் கண்டுபிடித்துக் காட்டிக் கொடுக்கிறது, அதைப் பார்த்துப் புது ஆட்கள் பயப்பட வேண்டாம் என்று எழுதினேன். சோப்பின் ஒரு முனை எண்ணெய்க்கும் இன்னொரு முனை தண்ணீருக்கும் ஆசைப்படும் என்று படம் கூடப் போட்டேன். எட்டுப் பக்கம். நொதி செத்துவிடும் என்று ஓர் இடத்தில் எழுதியிருந்தேன், நொதிக்கு உயிர் கிடையாது, அதனால் சாகவும் சாகாது, அதன் உருவம்தான் குலையும் என்று பிற்பாடு புத்தகத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அது என் தப்பு, அதற்கு ஒரு மார்க் போயிருக்கும், போகட்டும்.

தட்டச்சு செய்து மின்னஞ்சலில்தான் அனுப்ப வேண்டும் என்று சொன்னதால் அப்பா பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்பினார். நான் உன்னிடம் கரடியாகக் கத்தினேனா இல்லையா, எழுதினதை எழுதினபடி அடி, எழுத்துப் பிழை இருந்தால் மட்டும் திருத்து என்று? நீ சரிம்மா சரிம்மா என்றாய். அப்புறம் என்ன செய்தாய்? எட்டுப் பக்கத்தை இரண்டரைப் பக்கமாக்கி, என் வெள்ளைக்கருவைத் தூக்கி எறிந்து, உயர் வெப்பநிலையில் புரதங்கள் இயல்பிழக்கின்றன என்று போட்டு, டிங்சரை முழுசாக அடித்துவிட்டு, என் பேரைப் போட்டு நேராக அவர்களுக்கே அனுப்பிவிட்டாய். எனக்கு ஒரு பார்வை காட்டவில்லை. இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று நினைத்தாயாம்.

அதிர்ச்சியாகத்தான் இருந்தது. போன வாரம் வகுப்பு முடிந்ததும் டீச்சர் என்னை மட்டும் இருக்கச் சொன்னார். உன்னைவிட நாலைந்து வயது சின்னவர், நல்ல பெண், குரலை உயர்த்த மாட்டார். அந்தத் தாளை என் முன்னால் வைத்து, இயல்பிழத்தல்னா என்னம்மா என்று கேட்டார். அந்தச் சொல்லையே நான் அன்றைக்குத்தான் பார்க்கிறேன். அடுத்து ஹைட்ரஜன் பிணைப்பு என்று எழுதியிருக்கிறீர்களே அது என்ன என்றார். அதுவும் எனக்குப் புதுசு. வீட்டுக்கு வந்து புத்தகத்தின் பின்பக்கத்தில் தேடிப் பார்க்கிறேன், இயல்பிழத்தல் என்றால் நான் எழுதின அந்த வெந்த வெள்ளைக்கருதான். இருபத்தாறு வருஷமாகத் தினமும் கையால் தொட்டுப் பார்த்த விஷயத்தைத் தெரியாதவள் மாதிரி அந்தப் பெண் முன்னால் நிற்க வைத்துவிட்டாயே, எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

இப்போது கேள். டீச்சர் பொறுமையாகத்தான் கேட்டார், இதை யார் எழுதிக் கொடுத்தது, உண்மையைச் சொன்னால் மறுபடி எழுத வாய்ப்புத் தருகிறேன் என்று. என் கையெழுத்தில் எட்டுப் பக்கமும் அப்போது என் பைக்குள்ளேயே இருந்தது. எடுத்து நீட்டினால் தீர்ந்தது. ஆனால் அந்த வகுப்பில் இரண்டு வருஷமாக உன் பெருமையைப் பேசாத நாள் இல்லை, என் மகள் கல்லூரியில் உயிரியல் பேராசிரியை, பிள்ளைகள் காப்பியடித்தால் தயவு தாட்சண்யம் பார்க்காமல் பூஜ்யம் போடுவாள் என்று நானே சொல்லியிருக்கிறேன், டீச்சரிடமும் சொல்லியிருக்கிறேன். எப்படி நீட்டுவேன்? நான்தான் எங்கேயோ பார்த்து எழுதினேன் டீச்சர் என்று சொல்லிவிட்டேன். பூஜ்யம் போட்டார். உன்னைக் காட்டிக் கொடுக்க வாய் வரவில்லை என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கோபம், உன் மேலும் என் மேலும்.

அப்பா வழக்கம் போல உனக்குத்தான் வக்காலத்து. பாசத்துல செஞ்சிட்டா விடு என்கிறார். பாசம்தான், யார் இல்லை என்றது? அம்மா எழுதினது நாலு பேர் பார்க்கும்படி இருக்காது என்று உனக்குப் பட்டிருக்கிறது, அதை மறைக்கப் பார்த்திருக்கிறாய், அதுதான் நடந்தது. இப்போது இருபதில் பூஜ்யம், தேற மொத்தம் நூற்றுக்கு ஐம்பது வேண்டும், ஆகையால் எழுத்துப் பரீட்சையில் எண்பதுக்கு ஐம்பது எடுத்தாக வேண்டும். வருகிற இருபதாம் தேதி பரீட்சை. நான் எடுத்துவிடுவேன், நீ கவலைப்படாதே. இயல்பிழத்தலும் ஹைட்ரஜன் பிணைப்பும் இப்போது எனக்குத் தண்ணீர்பட்ட பாடு, கோபத்தில் படித்தால் பாடம் நன்றாக ஏறுகிறது. டீச்சருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதுகிறேன் என்று நீ கிளம்பாதே, நான் சொன்ன பொய் என்னோடு இருக்கட்டும்.

என் எட்டுப் பக்கத்தையும் இந்த உறையில் வைத்திருக்கிறேன். நீ அதைப் படிக்கவில்லை என்று எனக்குத் தெரியும், மேலோட்டமாகப் பார்த்து வெட்டியிருக்கிறாய், படித்திருந்தால் ஐந்தாம் பக்கத்தில் கை நின்றிருக்கும். என் மகளுக்கு நாலு வயதில் நூற்று நாலு டிகிரி காய்ச்சல் வந்தது, பகல் முழுக்க ஈரத்துணி மாற்றி மாற்றிப் போட்டேன், சூடு ஏறினால் குழந்தைக்கு ஆபத்து என்று மட்டும் சொன்னார்கள், ஏன் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது, அவள் உடம்புக்குள்ளே வேலை பார்த்துக்கொண்டிருந்த நொதிகளையும் சேர்த்துத்தான் நான் காப்பாற்றிக்கொண்டிருந்தேன் என்று இந்தப் பாடம் படித்த பிறகுதான் புரிந்தது என்று அங்கே எழுதியிருந்தேன். அந்தப் பக்கம் முழுவதையும் எடுத்துவிட்டு நீ போட்டிருப்பது ஒரே ஒரு வரி. மனித நொதிகளுக்கு உகந்த வெப்பநிலை முப்பத்தேழு டிகிரி செல்சியஸ். வரி சரிதான், ஒரு தப்பும் இல்லை.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொண்டு போ, மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், கோபத்திலும் இதைத்தான் வேண்டிக்கொள்கிறேன். பரீட்சை அன்று காலையில் போன் செய்யாதே, குறிப்பு எதுவும் அனுப்பாதே. சாயங்காலம் கூப்பிடு. நான் என்ன எழுதினேன் என்று கேள், என்ன எழுதியிருக்க வேண்டும் என்று சொல்லாதே.

இப்படிக்கு,
தன் கைப்பட எழுதிய
உன் அம்மா