அவள் முகம் வீட்டைப் பார்க்க

மின்சாரம் போய்விட்டது. மின்விசிறி சுழன்று அடங்கியதும் என்னை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். உன் அறையில் வந்த பழக்கம். சித்திரை வெயிலிலும் அங்கே விசிறி ஓடக் கூடாது. ஓடினால் கொள்ளிடம் கலைந்துவிடும். குன்னத்துப் பருத்தியைப் பிய்த்துப் பரப்பி நீ செய்த கொள்ளிடம்.

திருமழபாடிக் கோயிலுக்குப் போன உன் மகளை ஆறு கொண்டுபோன பிறகு, ஓவிய ஆசிரியரான நீ தூரிகையைத் தொடவில்லை. கரிசல் மண்ணைப் பிசைந்து அவளைச் சாண் உயரத்தில் செய்தாய். மயிரிழை நகர்த்தி, கரைப் பக்கமிருந்து போனில் ஒரு படம். மறுபடி நகர்த்தி இன்னொன்று. வரிசையாக ஓட்டினால் அவள் நடப்பாள். உன் கை நடுங்கியதால் நகர்த்துவது என் வேலை. தப்பாகிவிடுமோ என்று ஒவ்வொரு முறையும் அளவுகோலை வைத்துப் பார்ப்பேன்.

ஒரு காலைப் பொழுது முழுக்க உழைத்தால் அவள் படித்துறையில் ஒரு படி இறங்குவாள். நின்று காதோர முடியை ஒதுக்குவாள். அதை ஓட்டிக் காட்டியபோது உன் மனைவி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "இடது கையாலதான் ஒதுக்குவா" என்றார். மண் என்று தெரிந்தும் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் பருத்தியைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

முழங்கால் நீர் வரை போய், திரும்பி வீட்டுக்கு வர வேண்டும். அதுதான் உன் படம். அதற்குள் உனக்கு மூச்சு இளைத்தது. முடியாமல் போய்விடுமோ என்று பயந்து நான் ஒரு வழி சொன்னேன்: எடுத்தவற்றையே பின்னிருந்து ஓட்டினால் கரையேறிவிடுவாளே.

நீ சிரித்தாய். "கணக்கு வாத்தியாருக்குப் போற தூரமும் வர்ற தூரமும் ஒண்ணுதான். அப்படி ஓட்டுனா ஆத்தைப் பாத்துக்கிட்டேதானய்யா பின்னால வருவா? அவ முகம் வூட்டைப் பாக்கணும்."

அவள் நீரில் நிற்கும்போதே நீ போய்விட்டாய்.

காரியம் முடிந்ததும் உன் மனைவி சொன்னார்: "அவளைத் தண்ணியிலயே விட்டுட்டுப் போயிட்டாருண்ணே. நீங்க கூட்டிட்டு வந்துருங்க."

துக்க வீட்டில், அவள் காயாமலிருக்கச் சுற்றிவைக்கும் ஈரத்துணியை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. மண் காய்ந்து கழுத்து வெடித்திருந்தது. பல நாள் தொடப் பயந்து திரும்பி வந்தேன். நேற்று வெடிப்பில் ஈர மண் தடவி, மயிரிழை திருப்பினேன். தாங்கியது. படம் எடுத்தேன். இன்னும் கொஞ்சம் திருப்பி, இன்னொன்று. அடுத்த முறை தலை என் கையோடு வந்துவிட்டது.

உன் மனைவி கடைசிப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஒரு கண்ணு வரைக்கும் வந்துட்டாண்ணே."

ஒட்டித் தருகிறேன் என்று தலையை எடுத்துவந்தேன். கொட்டைப்பாக்கு அளவுதான், ஈரத்துணிக்குள் என் மேசைமேல் இருக்கிறது. ஒட்டுமா என்று தெரியவில்லை.

மின்சாரம் வந்துவிட்டது. எழுந்துபோய் விசிறியை நிறுத்திவிட்டு வந்தேன். இங்கே கலைவதற்கு ஒன்றும் இல்லை.