ஹம்சாவின் உப்புக் கை

1958 பிப்ரவரி, ஞாயிறு இரவு.

இன்று வாசகசாலையில் நான் எடுக்கும் அறிவியல் வகுப்பில் எல்லோர் முன்னாலும் ஹம்சா என்னைப் பொய்யனாக்கிவிட்டான். இத்தனை வருடச் சிநேகிதன்; என்னை அண்ணனாக நினைத்து 'இக்கா' என்று கூப்பிடுபவன்.

ஒவ்வோர் அணுவும் தீயில் தனக்குரிய நிறத்தைத்தான் தரும் என்று விளக்கினேன். எலக்ட்ரான் மேல்படியிலிருந்து கீழ்ப்படிக்கு விழும்போது, இடைவெளி எவ்வளவோ அதற்குரிய அலைநீளத்தில்தான் ஒளி வரும். கம்பி நுனியில் தொட்டுத் தீயில் காட்டிய கறியுப்பு மஞ்சளாக எரிந்தது. அடுத்து வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட், ஊதாவாக எரிய வேண்டும். ஹம்சா புதுக் கம்பியை விரலால் துடைத்து நீட்டினான். அதில் தொட்ட வெடியுப்பும் மஞ்சளாகவே எரிந்தது.

அவன் உணக்கமீன் வியாபாரி; நாள் முழுக்க உப்பிட்ட கருவாட்டில்தான் கை. அதனால் வந்தவுடனேயே கை கழுவினாயா என்று கேட்டேன். "பள்ளிவாசல்ல ஒளு எடுத்து, கைகால் கழுவிட்டு நேரா வர்றேன் இக்கா. இதைவிடச் சுத்தம் வேணுமா?" என்றான். நேராக வரவில்லை. வழியில் கடையில் நின்று யாருக்கோ மீன் எடுத்துப் போட்டதை என் மருமகள் கதீஜா பார்த்திருக்கிறாள். விரலில் ஒட்டிய உப்பு கொஞ்சம் போதும், அதன் மஞ்சள் ஊதாவை மறைத்துவிடும்.

மறதி என்று விட்டிருப்பேன். ஆனால் சனங்கள் சிரித்ததும் அவனும் அவர்கள் பக்கம் போய் நின்றுகொண்டான். "எந்தா இக்கா, எல்லாம் ஒரே மஞ்சள்தானே! படிச்சது தப்பிப் போச்சோ?" இனி வகுப்பு வேண்டாம் என்று வாசகசாலைச் செயலாளர் சொல்லிவிட்டார்.

செயலாளர் அடுத்த ஞாயிறு அதே சனங்களைக் கூப்பிட வேண்டும். ஹம்சா மீன் தொட்ட கையோடு வந்து ஒரு கம்பியைத் துடைக்க வேண்டும். இன்னொன்றை நானே தீயில் காய்ச்சிச் சுத்தமாக்கி, யாரையும் தொடவிடாமல், வெடியுப்பின் ஊதாவைக் காட்ட வேண்டும். இரண்டையும் பார்த்தபின், நேராக வரவில்லை என்று அவன் தன் வாயால் சொல்ல வேண்டும். அதுவரை எங்கள் வீட்டில் கதீஜா அவனுக்குச் சாயா கொடுக்கக் கூடாது.