டொரொண்டோ சூரியனும் தாத்தாவின் திதியும்

மட்டாஞ்சேரி
ஞாயிற்றுக்கிழமை

சிரஞ்சீவி சங்கர்ராமுக்குப் பாட்டியின் ஆசீர்வாதம். இங்கே மழை, கொசு, உன் அப்பாவின் குறட்டை உட்பட எல்லாம் சௌக்கியம், நீயும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். முதலில் நல்ல சமாசாரங்களைச் சொல்லிவிடுகிறேன். உன் அத்தை பெண் மாதுரி சி.ஏ. கடைசிப் பரீட்சையை முதல் தடவையிலேயே பாஸ் பண்ணிவிட்டாள், அவளுக்கு எங்கே வரும் என்று சிரித்தவர்கள் இப்போது வரிக் கணக்கோடு அவள் வாசலில் நிற்கிறார்கள். அவள் தம்பி சுதர்ஷன் கப்பலில் ஒரு படி உயர்ந்து இரண்டாவது இன்ஜினீயர் ஆகிவிட்டான், வீட்டில் பல்பு மாற்றத் தெரியாதவன் நடுக்கடலில் என்ன செய்கிறான் என்று நான் கேட்டுக்கொள்வதில்லை. உன் தங்கை ஸுப்ரியாவுக்கு ஜில்லா கலோத்ஸவத்தில் பாட்டுக்கு முதல் பரிசு, கோப்பையை டி.வி.க்கு நேர் முன்னால் வைத்திருக்கிறாள், அதனால் சீரியலில் யார் அழுகிறார்கள் என்று எனக்குப் பாதிதான் தெரிகிறது. கடைசியாக நீ. கானடாவில் பெரிய படிப்பு படித்தவன் என்று கோவிலில் நான் சொல்லாத ஆள் பாக்கியில்லை. இப்போ என்ன பண்றான் என்று யாராவது திருப்பிக் கேட்டால், போர்ட்ஃபோலியோ என்று சொல்லிவிட்டு வேகமாகப் பிரதட்சிணம் பண்ணப் போய்விடுகிறேன். அது ஏதோ பெரிய உத்தியோகம் என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள், நானும் திருத்துவதில்லை. ஏழெட்டு மாசத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஒரு கம்பெனி உன்னை வியாழக்கிழமை கூப்பிட்டிருக்கிறது, இதுவும் போனால் விசா முடிந்து பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று உன் அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறாள். அந்தக் கம்பெனிக்குக் காட்ட, நீ பண்ணின ஆப்பைப் பற்றி நான் வீடியோவில் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியில் நெட்வொர்க் இல்லை என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். மாதுரி இதைப் படம் எடுத்து இன்றைக்கே உனக்கு அனுப்புவாள், அசல் தபாலில் வரும்.

உன் போர்ட்ஃபோலியோவை அவள்தான் தன் போனில் திறந்து காட்டினாள். வேலை தேடுகிறவன் தான் செய்து பார்த்த புரோகிராம்களை எல்லாம் ஒரே இடத்தில் கடை பரப்ப வேண்டுமாம், கம்பெனிக்காரன் வந்து பார்த்து மனசுக்குப் பிடித்தால் கூப்பிடுவானாம். பஜ்ஜியும் சொஜ்ஜியும் வைத்துப் பெண்ணைக் காட்டுகிற மாதிரி என்று சொல்லேன் என்றேன். சரி, எங்கள் பிள்ளை என்ன பஜ்ஜி போட்டிருக்கிறான் என்று பார்த்தேன். மழை வருமா வராதா என்று சொல்கிற ஆப் ஒன்று. மட்டாஞ்சேரியில் மழை வருவதைப் பார்க்க எனக்கு ஜன்னல் இருக்கிறதடா. செய்ய வேண்டிய வேலைகளைக் குறித்துவைக்கிற ஆப் இன்னொன்று, அதில் மாதிரிக்கு நீ போட்டிருந்த முதல் வேலை பாட்டிக்குப் போன் பண்ண வேண்டும் என்பது, அதற்கு நேரே முடிந்தது என்று டிக்கும் இருந்தது. என்றைக்கு முடிந்தது? மூன்றாவது, சாமானே இல்லாத ஒரு கடை, கூடையில் போடலாம், விலாசம் கொடுக்கலாம், ஆனால் வீட்டுக்கு ஒன்றும் வராது. தோப்பும்படியில் ஒரு மீன்காரன் இப்படிக் கடை வைத்தால் அன்றைக்கே உதை விழும். லோகத்தில் வேலை தேடுகிற பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் இதே மூன்றைத்தான் பண்ணிவைக்கிறார்கள் என்று மாதுரி சொன்னாள், நவராத்திரிக்கு எந்த வீட்டுப் படி ஏறினாலும் கடலைச் சுண்டல் கொடுக்கிறார்களே, அந்த மாதிரி. பத்தாவது வீட்டுச் சுண்டலை யாராவது வாயில் போடுவார்களா, பொட்டலத்தோடு பையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுவார்கள்.

அதனால்தான் போன வருஷம் சொன்னேன், உனக்கு ஐடியா வரவில்லை என்றால் நம் வீட்டுக்கு என்ன வேண்டும் என்று கேள், திதி கண்டுபிடிக்க ஒரு ஆப் பண்ணு என்று. அக்கம்பக்கத்து மலையாளிகள் போனவர்களுக்கு நக்ஷத்திரம் பார்த்துச் செய்கிறார்கள், நமக்கோ திதி, அதுவும் மத்தியானத்துக்கு மேல் அந்தத் திதி எந்த நாளில் நிற்கிறதோ அன்றைக்குத்தான் ச்ராத்தம், வருஷா வருஷம் இதில் ஒரு இழுபறி. நீ பண்ணினாய், இல்லை என்று சொல்லவில்லை. தாத்தா பெயரைத் தொட்டால் நாளும் கிழமையும் வருகிறது, முதல் நாள் மணிகூட அடிக்கிறது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நம் வெங்கிட்டு வாத்தியார் அதைத் தன் போனிலும் ஏற்றிக்கொண்டு, இனிமே கண்ணாடி தேட வேண்டாம் மாமி என்று பஞ்சாங்கத்தை ஆணியில் மாட்டினவர் மாட்டினவர்தான்.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் நீ அதை முழுசாகக் கேட்காமல் போனை வைத்தவன், அதனால் மறுபடியும் சொல்கிறேன். உன் ஆப் சொன்ன நாளில் உன் அப்பா பட்டினி கிடந்து ச்ராத்தம் பண்ணினான், எள்ளுருண்டையும் அப்பமும் பண்ணி இலை போட்டு எல்லாம் குறைவில்லாமல் நடந்தது, காக்காய் மட்டும் வரவில்லை. மழை, அதான், என்றார் வாத்தியார். மறுநாள் உன் அப்பா தோசையைத் தின்றுவிட்டு துறைமுகத்து ஐலண்டில் இருக்கிற ஆபீசுக்குக் கிளம்பிப் போனான், நான் சாம்பாருக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், அப்போது திருப்பூணித்துறையிலிருந்து என் தங்கை அம்மிணி போன் பண்ணினாள். என்ன சமையல் என்றாள், உள்ளி சாம்பார் என்றேன். அக்கா, நோக்கு எந்தா பைத்தியமா, இன்னிக்குன்னா அத்திம்பேருக்கு ச்ராத்தம், உள்ளி உரிச்சிண்டிருக்கியே என்று அவள் கத்தின கத்தலில் போன் இல்லாமலே எனக்குக் கேட்டிருக்கும். வாத்தியார் ஸ்கூட்டரில் ஓடி வந்தார், முகத்தைக் காட்ட வெட்கப்பட்டு ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்று பஞ்சாங்கத்தைப் புரட்டினார். கல்யாணராமன் ஏதாவது சாப்டானோ என்று உன் அப்பாவைப் பற்றிக் கேட்டார், தோசை என்றேன். அப்போ இன்னிக்கு ஆகாது மாமி, அமாவாசையிலேதான் என்றார். சாதம் ஐந்து நிமிஷம் தாமதமானால் இலையை விட்டு எழுந்து போகிற உன் தாத்தாவை அமாவாசை வரை வாசலில் நிற்கவைத்தாய்.

உன் அப்பா கேட்டதற்கு நீ என்ன சொன்னாய், கணக்கு சரிதான், கோவில் காலண்டரோடு ஒத்துப் பார்த்தேன் என்றாய். எந்த ஊர்க் கோவில்? டொரொண்டோ கோவில்! தாத்தா போனது மட்டாஞ்சேரியில், பிண்டம் வைக்கிற பிள்ளை மட்டாஞ்சேரியில், மத்தியானம் மட்டும் டொரொண்டோவிலா? உங்கள் ஊரில் சூரியன் உச்சிக்கு வருகிறபோது இங்கே நாங்கள் தூங்கிக்கொண்டிருப்போம், எங்கள் மத்தியானம் தாண்டி ராத்திரிக்குள் பிறக்கிற திதி உங்கள் மத்தியானத்துக்கு வந்து நின்றுவிடும், அதனால் ச்ராத்தம் அங்கே முதல் நாள், இங்கே மறுநாள். ஐந்தாம் கிளாஸோடு நின்றவளுக்கே இது புரிகிறது. அதற்கும் நீ, அது ஒரு எட்ஜ் கேஸ் பாட்டி என்றாய். எப்போதாவது ஓரத்தில் நடக்கிற விஷயத்துக்கு அப்படிப் பெயராம், மாதுரி சொன்னாள். இந்த வீட்டில் உன் தாத்தாவை யாரும் ஓரத்தில் உட்காரவைத்தது கிடையாது, கேட்டியோ.

பிறகு நீ வெட்கப்பட்டுத் திருத்தினாய், இப்போது அது முதலில் எந்த ஊர் என்று கேட்கிறது. அதை அப்படியே நம்ப நாங்கள் என்ன வெங்கிட்டு வாத்தியாரா. அம்மிணி பஞ்சாங்கத்தையும் நான் உன் ஆப்பையும் வைத்துக்கொண்டு, போனவர்கள் ஒருத்தர் விடாமல் பெயர் சொல்லி நாள் பார்த்தோம். அம்மிணி மாமியார் முறை வந்தபோது, அவளுக்குத் தப்பாக வந்தாலும் பரவாயில்லை என்றாள், ஆனால் சரியாகத்தான் வந்தது. ஒன்றுதான் இடிக்கிறது. ஒரே மாசத்தில் ஒரு திதி இரண்டு தடவை வந்தால் இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும், உன் ஆப் முதல் பந்தியிலேயே அடித்துப்பிடித்து உட்கார்ந்துவிடுகிறது. வியாழக்கிழமைக்குள் அதைச் சரிபண்ணு.

இனி அந்த வீடியோ. நான் வாசிக்க வேண்டும் என்று நீ எழுதி அனுப்பினதை மாதுரி படித்துக் காட்டினாள். என் பேரனின் ஆப் எங்கள் குடும்பத்துக்கு ஒரு நாளும் தப்புக் காட்டியதில்லை என்று நான் சொல்ல வேண்டுமாம். இதை எழுத உனக்குக் கை எப்படி வந்தது? தாத்தாவுக்காகப் பண்ணின ஆப்பை வைத்து, காத்து நின்ற அந்த மனுஷர் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து நான் இந்தப் பொய்யைச் சொல்ல மாட்டேன். உன் வேலை போனாலும் சொல்ல மாட்டேன். ஆனால் பேச மாட்டேன் என்று சொல்லவில்லை. அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன், மாதுரி எடுத்தாள். நான் சொன்னது இதுதான், இது என் பேரன் பண்ணினது, தப்பு நாள் காட்டி எங்கள் வீட்டு ச்ராத்தத்தையே கெடுத்தது, ஏன் தப்பு என்று கண்டுபிடித்து அவனே திருத்தினான், நானும் என் தங்கையும் சோதித்துப் பார்த்தாயிற்று, அடுத்த வருஷம் இதைப் பார்த்துத்தான் நாள் வைக்கப்போகிறேன், பஞ்சாங்கத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். முடிந்தது. தப்பே பண்ணாத பிள்ளைதான் வேண்டும் என்று அந்தக் கம்பெனி அடம்பிடித்தால், அப்படிப்பட்டவன் தரகர் கொண்டுவருகிற ஜாதகத்தில்தான் இருப்பான், நேரில் கிடைக்க மாட்டான் என்று நான் சொன்னதாகச் சொல். வீடியோவைப் போடுவதும் போடாததும் உன் இஷ்டம், போட்டால் முழுசாகப் போடு, நடுவில் வெட்டினால் மாதுரி எனக்குக் காட்டிவிடுவாள்.

தலைக்கு எண்ணெய் வைத்துக் குளி, ராத்திரி பிரெட்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே, ஒரு கரண்டி சாதம் வடிக்க உனக்குத் தெரியும். தீர்க்காயுசாக, நல்ல உத்தியோகத்தோடு, நல்ல புத்தியோடும் இரு. ஒரு விஷயம் மட்டும் மறக்காதே. உன் போர்ட்ஃபோலியோவில் இருக்கிற போட்டோவில் கோட்டு மாட்டிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாயே, அதில் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு மாதிரி இருக்கிறாய், அது எனக்கு வேண்டாம். இப்போது எப்படி இருக்கிறாயோ அப்படியே, தாடி இருந்தால் தாடியோடு, புதுசாக ஒரு போட்டோ எடுத்துப் பிரிண்டு போட்டுத் தபாலில் அனுப்பு. புதன்கிழமையே எடுத்துத் தபாலில் போட்டுவிடு. வேலை கிடைத்த பிறகு சிரித்துக்கொண்டு எடுக்கலாம் என்று தள்ளிப்போடாதே, அவர்கள் எடுத்துக்கொண்டாலும் கொள்ளாவிட்டாலும் இங்கே சுவரில் மாட்டுவதற்கு எனக்கு இந்த முகம்தான் வேண்டும்.

இப்படிக்கு,
ஆசீர்வாதத்துடன் உன் பாட்டி
சீதாலக்ஷ்மி