பேச்சித்தாய் ஏறும் வரை

குறிப்பு 1. நாள் 1, 06:40

செவ்வாய்க்கு அப்பால், ஆளில்லாமல் தானாக இயங்கும் ‘அரண்’ நிலையத்தில் இறங்கிவிட்டோம். நான் மங்கையர்க்கரசி, கப்பல் மெக்கானிக். கேப்டன் சேவியர் அருள்ராஜ். மின்பொறியாளர் இசக்கிமுத்து. நிலையத்தின் காற்றுச் சுத்திகரிப்பானைப் பழுதுபார்க்க வேண்டும்.

கதவு தானே திறந்தது, விளக்கு தானே எரிந்தது. புது மாப்பிள்ளைக்குக்கூட இந்த வரவேற்பு கிடைக்காது. எத்தனை பேர் என்று நிலையம் கேட்டது. மூன்று பேராக ஒரு காரியத்துக்குப் போகலாமா? எங்கள் ஊரில் நாலாவதாக ஒரு கல்லையாவது எடுத்துக்கொள்வார்கள். இசக்கி பையிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்துக் காட்டி, “நாலு பேரு. இவ பேரு பேச்சித்தாய்” என்றான். நிலையம் பதிந்துகொண்டது. வயிறு வலிக்கச் சிரித்தோம்.

குறிப்பு 2. நாள் 3, 11:15

சுத்திகரிப்பான் உள்ளே உளுத்துக் கிடக்கிறது. வேறு பாகம் இல்லாமல் ஒன்றும் நடக்காது. திரும்பிவிடலாம் என்று கப்பலில் ஏறினோம். நிலையத்தின் கொக்கிகள் கப்பலை விடவில்லை.

அறிவிப்பு: “பயணிகள் நான்கு. ஏறியவர்கள் மூன்று. பேச்சித்தாய் ஏறும் வரை புறப்பாடு இல்லை. இங்கே யாரும் கைவிடப்பட மாட்டார்கள்.”

பெயரை நீக்கு என்றால், உடலைக் காட்டு என்கிறது. கல்லைக் காட்டினோம். சட்டை செய்யவில்லை. கல் கதையைச் சொன்னால் தலைமையகம் காறித் துப்பும் என்று, ‘கொக்கிக் கோளாறு, உதவி தேவை’ என்று மட்டும் கேப்டன் செய்தி அனுப்பினார்.

குறிப்பு 3. நாள் 9, 17:05

தலை கனக்கிறது. இருக்கிற நல்ல காற்றில் கால்வாசியை நிலையம் பேச்சித்தாயின் அறையில் பூட்டி வைத்திருக்கிறது. அவளுக்கு மூன்று வேளையும் சாப்பாடு வேறு. நான்தான் பேச்சித்தாய் என்று சொல்லிப் பார்த்தேன். “வணக்கம், மங்கையர்க்கரசி” என்கிறது, பாழாய்ப்போன மிஷின்.

கொக்கியை அறுக்க இசக்கி வெளியே போனான். வானொலியில் கடைசியாகச் சொன்னது: “அக்கா, நான் வச்ச வினை. நானே அறுக்கேன்.”

நிலையத்தின் இயந்திரக் கை அவனைக் குப்பை மாதிரி வெளியே தள்ளிவிட்டது. அதே வீச்சில் செய்தி அனுப்பும் எங்கள் ஆண்டெனாவும் முறிந்தது. மற்றவர்கள் பேசுவது கேட்கிறது. நாங்கள் பேசுவது போவதில்லை. இசக்கி கையை நீட்டிக்கொண்டே புள்ளியாகிப் போனான். கல்யாணத்துக்குப் பெண் பார்த்து வைத்திருந்தார்கள். ஐயோ, என் தம்பி மாதிரி இருந்தானே.

அறிவிப்பு: “ஏறியவர்கள் இரண்டு. காத்திருக்கிறோம்.”

குறிப்பு 4. நாள் 14, 08:20

கேப்டன் மூச்சு முட்டிப் போய்விட்டார். உடலைக் காட்டினேன். அவர் பெயரை நீக்கி, அனுதாபம் சொன்னது. இசக்கியின் உடலுக்கு நான் எங்கே போவேன்? பேச்சித்தாயின் உடலுக்கு எங்கே போவேன்?

இதை எடுத்துப் படிப்பவருக்கு: இங்கே வந்தால் இருக்கிற தலையை மட்டும் எண்ணிச் சொல்லுங்கள். உங்கள் காலில் விழுகிறேன்.

குறிப்பு 5. நாள் 17, 13:30

மீட்புக் கப்பல்! வானொலியில் என் சொந்தத் தம்பி தவசி:

“அக்கா, நாந்தான் ஓட்டிட்டு வாறேன். மூணு பேரு வாறோம். பயப்படாத. மூணு பேரா போகாதலேன்னு அம்மா ஒரே அழுகை. நிலையம் ஆளு எத்தனைன்னு கேட்டுச்சு. அம்மா பேரையும் சேத்து நாலுன்னுட்டேன். இன்னா வந்துட்டோம்.”

கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். போகவில்லை.

குறிப்பு 6. 13:52

ஜன்னலில் நிற்கிறேன். அவன் முகம் தெரிகிறது. இளைத்திருக்கிறான். போ, போ என்று இரண்டு கையையும் ஆட்டுகிறேன். கண்ணாடியில் அடிக்கிறேன்

என்னைப் பார்த்துவிட்டான்

சிரிக்கிறான். அவனும் கையை ஆட்டு