ஒன்றை மட்டும் மாற்று

அன்புள்ள அம்மா,

காஸ்பர் நகரில் பெரியம்மா வீட்டுச் சோபா உன் முதுகை இன்னும் உடைக்கவில்லையா? இந்த ஊரே ஆகாது என்று நீ கோபித்துக்கொண்டு போன பிறகு நம் சமையலறை மேசை அப்பாவின் தோட்டாப் பட்டறையாகிவிட்டது. குறிபார்ப்புப் போட்டிக்காகத் தன் துப்பாக்கிக்கு ஏற்ற தோட்டாவைத் தானே தயாரிக்கக் கற்கிறார். அவர் தராசில் வெடிமருந்தை நிறுக்கும்போது நான் மூச்சுகூட விடக் கூடாது. ஒரு நாள் பொய்யாக ஒரு தும்மல் போட்டேன். "வெளிய போடி, கழுதை!" என்றார். சிரித்துக்கொண்டேதான்.

சனிக்கிழமை சுட்டுப் பார்த்தோம். குறித்தாளில் ஐந்து ஓட்டைகளும் ஐந்து ஊரில் இருந்தன. போன வாரம் நெருக்கமாகத்தான் விழுந்தன. இந்த முறை மருந்தின் அளவையும் தோட்டாக் கூட்டுக்குள் குண்டு அமரும் ஆழத்தையும் சேர்த்தே மாற்றியிருக்கிறார்.

"ஏம்ப்பா, ரெண்டையும் ஒண்ணா மாத்தினா எது கெடுத்துச்சுன்னு எப்படித் தெரியும்? தோட்டா செய்யற புத்தகத்துல மொதப் பக்கத்துலயே போட்டிருக்கே!"

அப்பா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நாம இந்த ஜில்லெட் ஊருக்குக் குடி வந்ததும், நான் சுரங்கத்துல ராத்திரி வேலைக்குப் போனதும் ஒரே மாசந்தான், இல்ல?" என்றார்.

"ஆமாப்பா, அதே மாசந்தான்" என்றேன், அம்மா.

திங்கட்கிழமை பகல் வேலைக்கு மாற்றல் வாங்கிவிட்டார். வேறெதையும் தொடவில்லை. உன் காப்பிக் கோப்பை அதே கொக்கியில்தான் தொங்குகிறது. உனக்கு எழுதும்படி அவர் சொல்லவும் இல்லை.

ஞாயிறு காலை பான்கேக் சுடுகிறோம். சோதித்துப் பார்க்கவாவது வா. ஒரு தடவை பார்த்து முடிவு கட்டக் கூடாது என்றும் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது.

சொந்த வீட்டில் தும்மத் தடை பெற்ற,
உன் மகள்