படிவத்தில் ஒரு மச்சாள்

2025 பெப்ரவரி 9, ஞாயிறு

இரண்டு பேருடைய சம்பளச் சான்றிதழும் வந்துவிட்டன. எனக்கு முதியோர் இல்லத்துச் சலவைப் பகுதியில் அறுபது வீத வேலை. இவருக்குப் பேக்கரியில் நூறு வீதம், முழு நேரம். வழக்கமாக இந்தக் கடதாசிகளை எல்லாம் ஒரு பையில் போட்டு லக்ஷ்மணன் அண்ணையிடம் கொண்டுபோவார். அவர் வரிப் படிவத்தை நிரப்பித் தருவார், இவர் கையெழுத்து வைப்பார், பிறகு என் முன்னால் நீட்டுவார். கணவன் மனைவிக்கு இந்தச் சுவிஸ் நாட்டில் ஒரே படிவம். இருபத்துமூன்று வருடமாகக் கறிக்கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, அவர் விரல் வைத்துக் காட்டுகிற இடத்தில் ஒப்பம் வைத்திருக்கிறேன். வாசித்தது கிடையாது.

லக்ஷ்மணன் அண்ணைக்குக் கண் ஒப்பரேசனாம், இந்த முறை செய்யமாட்டாராம். "யாதவி செய்யட்டுமே" என்றேன். மகள் கணக்கியல் பயிற்சி முடித்துப் போன கோடையிலிருந்து வேலைக்குப் போகிறாள். அவளுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு.

"பிள்ளைக்கு ஏன் கரைச்சல்? நானே செய்யிறன்" என்றார்.

ரயில் ரிக்கெற்றைக் கைபேசியில் எடுக்கத் தெரியாமல் என்னைக் கூப்பிடுகிற மனுசன். டொச் மொழியில் அத்தனை பக்கத்தையும் தானே நிரப்பப்போகிறாராம்!

பெப்ரவரி 12

இரவுச் சாப்பாட்டில் யாதவி செய்தி சொன்னாள். கணவன் மனைவிக்குத் தனித்தனி வரி என்று பேர்ன் பாராளுமன்றத்தில் கதைக்கிறார்களாம். சட்டம் வந்தால் ஆளுக்கொரு படிவம்.

"நல்ல விசயம்தானே. அவரவர் தங்கட தங்கட பாட்டைப் பாக்கட்டும்" என்றார் இவர். என்ன சந்தோசம் அந்த முகத்தில்! தேங்காய்ப்பூ வாங்குவதற்கும் என்னைக் கேட்கிற மனுசனுக்குத் தனிப் படிவம் எதற்கு?

நான் சந்தேகப் பிராணி என்று யாதவி சொல்வாள். ஓம், பிராணிதான். இந்த வீட்டில் ஒருத்தியாவது கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டாமா?

பெப்ரவரி 25, செவ்வாய்

பகல் வேலை இல்லை. இவர் பேக்கரியில். நேற்று, "யாதவி உழைக்கிறாள், இனிப் பிள்ளைக்கான கழிவு இல்லை, வரி கூடும்" என்று புலம்பினார். அப்படியென்றால் மிச்சம் என்ன கழிவுதான் இருக்கிறது, பார்ப்போம் என்று அலுமாரிக்கு மேலே இருந்த பழைய கோப்பை எடுத்தேன். கைபேசியில் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு வரிவரியாகப் போனேன். வேலைக்குப் போய்வரும் செலவு. வெளிச் சாப்பாட்டுச் செலவு. மருத்துவக் காப்புறுதிக் கட்டணம். ஓய்வூதியச் சேமிப்பு. எல்லாம் ஒழுங்கு.

பிறகு, தாபரிக்கப்படும் நபர் என்று ஒரு பெட்டி. வேலைசெய்ய முடியாத ஒருவரை நாங்கள் வருடம் முழுக்கக் காசு அனுப்பிப் பார்த்தால், அதற்கும் கழிவு உண்டாம். நாங்கள் யாரைப் பார்க்கிறோம்? என் தாய் தகப்பன் இல்லை. அவருடையவர்களும் போய்விட்டார்கள்.

பெட்டிக்குள் பெயர்: பாலசிங்கம் தனலட்சுமி. பிறந்த ஆண்டு 1979. இடம் கிளிநொச்சி. உறவு முறை: ஸ்வேகரின்.

ஸ்வேகரின் என்றால் மச்சாள். இதற்கு எனக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம்.

முந்தின வருடத்தை எடுத்தேன், அதிலும் இருந்தாள். அதற்கு முந்தினதிலும். 2012 வரைக்கும் போனேன். பதின்மூன்று படிவம், பதின்மூன்றிலும் அவள். கடைசிப் பக்கத்தில் பதின்மூன்று முறை என்னுடைய கையெழுத்து.

பெப்ரவரி 26

ஆரிவள்?

மார்ச் 1, சனி

இவருக்கு அண்ணன் தம்பி இல்லை. இரண்டு அக்காமாரும் கனடாவில், ஆளுக்கொரு வீட்டோடு. எனக்குச் சகோதரி இல்லை. பிறகு மச்சாள் எங்கிருந்து முளைத்தாள்? மாமன் மகளோ? எங்கள் ஆட்களிடம் மச்சாள் என்றால் கட்டுகிற முறையும்தானே. என்னைவிட ஆறு வயது குறைவு வேறு.

இன்று மாதத்தின் முதல் சனி. காலையிலேயே சூரிச்சுக்கு வெளிக்கிட்டார். கருவாடு வாங்க. ஒவ்வொரு முதல் சனியும் கருவாடு. இத்தனை வருடமும் நான் அதை ஆசை என்று நினைத்திருந்தேன். இங்கே ஊஸ்டரில் இருந்து ரயில் பிடித்துப் போய் இருநூறு கிராம் நெத்தலிக் கருவாட்டோடு வருகிற மனுசனை என்னவென்று சொல்வது? அந்தக் கடையில் ஊருக்குக் காசும் அனுப்புவார்கள். இது ஊருக்கே தெரியும். எனக்குத்தான் உறைக்கவில்லை, விசரிக்கு.

வந்தார். கருவாடு இருந்தது. குளிக்கப் போன நேரம் ஜக்கற்றைப் பார்த்தேன். காசு அனுப்பிய கடைத் துண்டு: இருநூற்றைம்பது பிராங்.

மார்ச் 2

சமைக்கவில்லை. தலையிடி என்றேன். கருவாட்டை இவரே பொரித்துத் தின்றார்.

மார்ச் 16, ஞாயிறு

"ஸ்வேகரின் எண்டால் ஆர் பிள்ளை?" என்று யாதவியிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

"அது நிறையப் பேரம்மா. மனிசியின்ர தங்கச்சி, அண்ணன்ர மனிசி, மச்சான்ர மனிசி, எல்லாருக்கும் ஒரே சொல்தான். ஏன் கேக்கிறீங்கள்?"

"வேலையிடத்தில ஒருத்தி சொன்னவள்."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். இவளுக்கும் தெரியுமோ? தகப்பனும் மகளும் சேர்ந்தோ?

மார்ச் 22

அவருடைய கைபேசியில் ஒரு குரல் செய்தி. பெண் குரல். "அண்ணை, கிடைச்சுது. பெரிய உதவி." அவ்வளவுதான்.

அண்ணையாம்! படிவத்தில் மச்சாள், வாயில் அண்ணை. மச்சாள் எப்படி அண்ணை என்று கூப்பிடுவாள்? இரண்டில் ஒன்று பொய். அல்லது இரண்டுமே பொய்.

மார்ச் 29, சனி

படிவம் அனுப்பத் திங்கள் கடைசி நாள். படிவத்தை நீட்டினார், விரலை வைத்துக் காட்டினார். நான் பேனையை எடுக்கவில்லை.

"தனலட்சுமி ஆர்?"

மனுசன் கதிரையில் இருந்துவிட்டார். யாதவி தன் அறையில். கேட்டால் கேட்கட்டும் என்று சத்தமாகவே கேட்டேன். "பதின்மூண்டு வருசம் என்ர கையெழுத்தை வாங்கி ஒருத்திக்குப் படியளந்திருக்கிறியள். ஆரவள்? பிள்ளை குட்டியும் இருக்கோ?"

"நாயகி, அது பேபி" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. எந்தப் பேபி என்று கேட்கவே வாய் எடுத்தேன். பிறகு விளங்கியது.

பேபி. என் தம்பி யோகனோடு இருந்தவள்.

2006இல யோகன் இஞ்ச வர ஏஜென்சிக்குக் காசு கட்டி, எல்லாம் சரிக்கட்டி வச்சிருந்தன். அவன் மாட்டன் எண்டான். பேபியை விட்டிட்டு வரமாட்டானாம். ஏதோ கோயிலில நாலு பேரோட தாலி கட்டினவனாம். பதிவும் இல்லை, ஒண்டும் இல்லை. அது கலியாணமே இல்லை எண்டு நான் போனிலேயே சொன்னனான். மூண்டு வருசத்தில அவன் இல்லை. அவள் இருக்கிறாள். அவள் மட்டும் நல்லா இருக்கிறாள்! அவளின்ர முழுப்பேரைக்கூட நான் கேட்டறியேல்லை. கேக்க விரும்பேல்லை.

"2011இல உனக்கொரு கடிதம் போட்டவள். நீ வாசிக்காமலே கிழிச்சுப் போட்டாய். நான் குப்பைக் கூடைக்குள்ளால எடுத்து ஒட்டினனான்" என்றார்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நிப்பாட்டச் சொல்லுவாய்."

ஓம், சொல்லியிருப்பேன்.

"அப்ப ஏன் படிவத்தில போட்டனீங்கள்?"

"லக்ஷ்மணன் அண்ணை கேட்டவர், ஊரில ஆரையும் பாக்கிறியோ எண்டு. உள்ளதுதானே, கழிவு கிடைக்கும் எண்டார்."

ஒளித்துச் செய்கிற காரியத்துக்கும் கழிவு கேட்கிற மனுசனோடுதான் நான் இத்தனை வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

மார்ச் 31

"அந்தப் பெட்டியை வெட்டிப்போட்டுத் தாங்கோ, கையெழுத்து வைக்கிறன்" என்றேன்.

"வெட்டலாம். காசை நிப்பாட்டமாட்டன்" என்றார். இப்படி எனக்கு எதிர்த்துச் சொல்லி நான் கேட்டதில்லை. யாதவி கணினியில் படிவத்துக்கு மேலதிகத் தவணை கேட்டாள். செப்டெம்பர் வரை கிடைத்தது.

ஏப்ரல் 6

வேலைசெய்ய முடியாதவளாம். ஏன் முடியாது? நாற்பத்தைந்து வயசு. காசு வந்துகொண்டிருந்தால் எல்லோருக்கும்தான் முடியாது. இந்த அப்பாவி மனுசனை ஏமாற்றுகிறாளோ?

"அத்தாட்சி இருக்கோ?" என்று கேட்டேன். பேக்கரி லொக்கருக்குள் இருக்கிறதாம், நாளைக்குக் கொண்டுவருவாராம். லொக்கருக்குள்! எனக்குப் பயந்து மாவுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்.

ஏப்ரல் 7

கடதாசி வந்தது. ஆஸ்பத்திரி முத்திரை, பிரதேச செயலக முத்திரை. ஆங்கிலத்தில் ஐந்து வரி. யாதவி தமிழில் வாசித்துச் சொன்னாள். ஷெல் காயம். இடது கால் முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்டது. காயம் ஏற்பட்ட நாள் 2009 மே 14. கணவர் அதே இடத்தில் உயிரிழந்தார்.

திரும்ப வாசிக்கச் சொன்னேன். மே பதினாலு என்றாள்.

தம்பி போன நாளை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. கேட்டறியவும் ஆள் இருக்கவில்லை. சண்டை முடிந்த நாளென்று எல்லோரும் மே பதினெட்டில் விளக்கேற்றுகிறார்கள், நானும் அவனுக்குப் பதினெட்டே ஏற்றினேன். பதினைந்து வருடம். பிழையான நாளில் சோறு படைத்திருக்கிறேன்.

அவளுக்குத் தெரிந்திருந்தது. கிழித்துப் போட்ட கடிதத்தில் அதுவும் இருந்ததோ? இவரைக் கேட்கவில்லை. இருந்தது என்று சொல்லிவிடுவார்.

மே 14, புதன்

இன்று ஏற்றினேன். இவர் பக்கத்தில் வந்து நின்றார்.

ஜூன் 22

தனித்தனி வரிச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறிவிட்டதாம். மக்கள் வாக்கெடுப்புக்கும் போகலாமாம். "வந்தால் நல்லதோ அம்மா?" என்று யாதவி கேட்டாள். தெரியாது என்றேன். தனிப் படிவமாக இருந்திருந்தால் பேபியின் பெயரை நான் கண்டிருக்கவே மாட்டேன். நிம்மதியாக இருந்திருப்பேன். பதினெட்டாம் தேதியே விளக்கேற்றிக்கொண்டு.

ஜூலை 5

கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். பெட்டியை வெட்டவில்லை. முழுப் படிவத்தையும் வாசித்துவிட்டுத்தான் வைத்தேன். வெளிச் சாப்பாட்டுச் செலவில் இவர் ஒரு பிழை விட்டிருந்தார், அதையும் திருத்தினேன்.

செப்டெம்பர் 3

வரி அலுவலகத்திலிருந்து கடிதம். தாபரிக்கப்படும் நபருக்குக் காசு போன அத்தாட்சி வேண்டும். உறவு முறையையும் விளக்க வேண்டும். இருபது நாள் தவணை.

"விட்டுத் தள்ளு நாயகி. கழிவு இல்லாட்டி இல்லை" என்கிறார். பதின்மூன்று வருடம் கேட்காதவர்கள் இப்போது ஏன் கேட்கிறார்கள்? யாரும் எழுதிப் போட்டிருப்பார்களோ? யாதவி சிரிக்கிறாள். வருடத்துக்கு வருடம் இறுக்குகிறார்களாம், எல்லோருக்கும் இதே கடிதம்தானாம். நான் நம்பவில்லை.

செப்டெம்பர் 7, ஞாயிறு

மேசையில் மூன்று பேரும். கடைத் துண்டுகளை இவர் மாத வரிசையில் அடுக்கினார். யாதவி பதில் எழுதினாள். உறவு: ஸ்வேகரின். விளக்கம் என்ன எழுத என்று கேட்டாள்.

"பதிவு இல்லையே அப்பா. கலியாணப் பத்திரம் கேட்டால்?"

இவர் என்னைப் பார்த்தார். உடனே குனிந்துகொண்டார். அப்போதுதான் எனக்கு அது தட்டியது. மனைவியின் தம்பி பெண்சாதி இவருக்கு மச்சாள் இல்லை. எங்கள் முறையில் தங்கச்சி. அவள் அண்ணை என்று கூப்பிட்டது சரிதான். டொச்சில் எல்லோருக்கும் ஒரு சொல். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் ஒரு மாதம் இந்த மனுசனைப் படுத்திய பாடு! அவள் யாருக்கு மச்சாள் என்பதை மட்டும் நான் யோசித்துப் பார்க்கவில்லை.

"எழுது" என்றேன். "என்ர தம்பியின்ர மனைவி எண்டு எழுது."

"பார்ட்னர் எண்டு போடவோ? பதிவில்லாட்டி அப்பிடித்தான்..."

"மனைவி எண்டு எழுது."

எழுதினாள். அதற்குக் கீழே நான் முதலில் ஒப்பம் வைத்தேன்.

ஒக்டோபர் 30, வியாழன்

முடிவு வந்தது. கழிவு இல்லை. கடைத் துண்டு செல்லாதாம். பெறுகிறவரின் பெயருக்கு வங்கியால் போயிருக்க வேண்டுமாம். முந்நூறு பிராங்குக்கு மேல் கூடக் கட்ட வேண்டும். உறவு முறையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மனைவி என்று எழுதினோம், சரி என்று விட்டுவிட்டார்கள். நான்தான் இத்தனை வருடமாகப் பத்திரம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

நவம்பர் 1, சனி

முதல் சனி. இவர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்றார்.

"கடையில குடுக்க வேண்டாம். இனி வங்கியால போகட்டும். என்ர கணக்கிலயிருந்து" என்றேன்.

"வங்கி விபரம் அவளிட்டைக் கேக்கோணுமே" என்றார். சொல்லிவிட்டுக் கைபேசியை மேசையில் வைத்தார். தான் எடுக்கவில்லை. கள்ளன்! வேண்டுமென்றே சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

நானே எடுத்தேன். கணக்கு இலக்கம், பெயர் எழுத்துக்கூட்டல், வங்கிக் கிளை. கேட்க வேண்டியதைத் துண்டில் எழுதி வைத்துக்கொண்டேன். அது மட்டும்தான் கேட்பேன் என்று நினைத்தேன்.

"அண்ணை?" என்றாள்.

"நான்..." என்றேன். அந்தப் பக்கத்தில் எங்கேயோ ஒரு மோட்டார் சைக்கிள் போனது.

பிறகு மெல்லக் கேட்டாள்: "மச்சாளோ?"

ஓம் என்றேன்.